ஒரு மூலக்கூறும் நான்கு எழுத்தாளர்களும்

நம் விமர்சனத்தில் ‘தரிசனம்’ என்ற சொல் ரொம்பவும் மலிந்துவிட்டது. ஒரு கவிதையைப் பற்றிக் குறிப்பாகச் சொல்ல எதுவும் அகப்படாதபோது அதில் தரிசனம் இருக்கிறது என்கிறோம். பிடிக்காத கவிதையில் அது இல்லை என்கிறோம். இரண்டுக்கும் நிரூபணம் கேட்பவர் இல்லை. சொல்லுக்குப் பின்னால் ஒரு நம்பிக்கை இருக்கிறது: கவிஞன் பிறர் காணாததைக் கண்டவன், கண்ட கணத்தின் தீவிரமே கண்டதன் உண்மைக்கு ஜாமீன். இதிலிருந்து இன்னும் ஒரு எட்டு வைத்தால் போதையும் பித்தும் கவிதைக்கு அண்டை வீடுகள் என்ற இடத்துக்கு வந்துவிடலாம். நம் வட்டாரத்தில் பலர் அந்த எட்டை வைத்தாயிற்று. துணைக்குப் போதலேரை அழைப்பவர்களும் உண்டு. 1860-ல் அவர் வெளியிட்ட ‘செயற்கைச் சொர்க்கங்கள்’, ஹஷீஷ் மனிதனின் சங்கல்பத்தை அரித்துவிடுகிறது என்று கண்டிக்கிற புத்தகம். அழைப்பவர்கள் அதைப் படித்திருப்பதாகத் தெரியவில்லை.

இந்த நம்பிக்கையைத் தத்துவ வாதத்தால் அசைக்க முடியாது. சரித்திரத்தால் ஓரளவு முடியும் என்று நினைக்கிறேன். இருபதாம் நூற்றாண்டின் நடுவில், இருபது வருஷ இடைவெளிக்குள், நான்கு எழுத்தாளர்கள் ஒரே ரசாயனப் பொருளை உட்கொண்டு தங்களுக்கு நேர்ந்ததை எழுதியோ சொல்லியோ வைத்திருக்கிறார்கள். சார்த்தர், ஆல்டஸ் ஹக்ஸ்லி, ஆன்றி மிஷோ, ஆர். சி. ஸேனர். பொருள் மெஸ்கலின். இப்படியொரு பரிசோதனையை எந்த விமர்சகனும் திட்டமிட்டு நடத்தியிருக்க முடியாது. அது தானாக நடந்திருக்கிறது.

மெஸ்கலின் பெயோட்டி என்ற முள்ளில்லாத சிறு கள்ளியில் இருப்பது. மெக்ஸிகோவின் பூர்வ குடிகளுக்கு அந்தக் கள்ளி தெய்வ காரியம். அதற்கென்று யாத்திரையும் விரதமும் பாட்டும் உண்டு. 1897-ல் ஆர்தர் ஹெஃப்டர் என்ற ஜெர்மானியர் கள்ளியிலிருந்த சத்துகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தாமே உட்கொண்டு பார்த்து, காட்சிகளைக் கிளப்புவது எது என்று கண்டுபிடித்தார். 1919-ல் வியன்னாவில் எர்ன்ஸ்ட் ஷ்பேத் அதைக் கள்ளியே இல்லாமல் செய்துகாட்டினார். யாத்திரையும் பாட்டும் கழன்று விழுந்தன. தராசில் நிறுத்துக் கொடுக்கக்கூடிய பிரமை பாட்டிலில் வந்துவிட்டது.

எழுத்தாளர்கள் வருவதற்கு முன்பே ஒருவர் ஒரு முக்கியமான காரியத்தைச் செய்திருந்தார். அவர் பெயர் ஹைன்ரிஷ் க்ளூவர். இலக்கியக்காரர்களுக்கு அவர் பெயர் தெரிந்திருக்க நியாயமில்லை, தெரிந்திருக்க வேண்டும். 1928-ல் மெஸ்கல் பற்றி அவர் எழுதிய சிறு நூலில், அதை உட்கொண்டவர்களின் வர்ணனைகளிலிருந்து கதையையும் அலங்காரத்தையும் உரித்துவிட்டு, மிஞ்சுகிற உருவங்கள் எவை என்று பார்த்தார். நான்கு வகைதான் மிஞ்சின. தேன்கூடு அல்லது கட்டம், சிலந்தி வலை, சுரங்கம், சுருள். யார் உட்கொண்டாலும் முதலில் இவைதான். மாளிகையும் ரத்தினமும் பிறகு இவற்றின்மேல் வந்து உட்காருகின்றன.

ஏன் இந்த நான்கு என்பதற்கு விடை வர இன்னும் ஐம்பது வருஷம் ஆயிற்று. கண்ணில் விழும் காட்சி மூளையின் பின்புறத்தில் ஒரு வரைபடமாக விரிகிறது. ஆனால் கோணலாக விரிகிறது. பார்வையின் மையத்துக்கு மூளையில் நிறைய இடம், ஓரத்துக்குக் கொஞ்சம். அதனால் உலகில் வட்டமாக இருப்பது மூளைப் பரப்பில் ஏறக்குறைய நேர்கோடாகப் பதிகிறது. 1979-ல் எர்மென்ட்ராட், கவன் என்ற இரு கணிதக்காரர்கள் இதைத் தலைகீழாகப் போட்டுப் பார்த்தார்கள். அந்தப் பரப்பின் நரம்பணுக்கள் ரசாயனத்தால் நிலைகுலைந்தால், காற்றடித்த மணலில் வரி விழுவதுபோல, அங்கே தானாகவே வரிகள் எழும். வரிகளை மூளை உலகத்து உருவமாக வாசிக்கும்போது அவை சுரங்கமாகவும் சுருளாகவும்தான் தெரியும். கணக்கு பொருந்திவந்தது. அதாவது மெஸ்கலினில் முதலில் தெரிவது வேறு லோகம் அல்ல. பார்க்கிற கருவியின் நெசவு தெரிகிறது. ஒரு துணியை வெளிச்சத்தில் பிடித்தால் பூவேலை மறைந்து இழை தெரிவதுபோல.

இனி நால்வர்.

சார்த்தர் 1935-ல் லெ ஹாவ்ர் துறைமுக நகரத்தில் பள்ளி வாத்தியார். கற்பனையின் இயல்பு பற்றி எழுதிக்கொண்டிருந்தார். அதற்கு உதவும் என்று பாரிஸின் ஸேந்த்-ஆன் மனநோய் மருத்துவமனையில், பழைய சகாவான டாக்டர் லகாஷிடம் மெஸ்கலின் ஊசி போட்டுக்கொண்டார். குடைகள் கழுகுகளாயின; பாதரட்சைகள் எலும்புக்கூடுகளாயின; ஓரக்கண்ணில் நண்டுகளும் ஆக்டோபஸ்களும் ஊர்ந்தன. மருந்தின் வேகம் அரை நாளுக்குமேல் நிற்காது. நண்டுகள் நின்றன. முதுமையில் ஜான் கெராஸிக்குக் கொடுத்த பேட்டிகளில், அவை தன்னோடு வகுப்பறைவரை வந்ததாகவும், அவற்றைச் சத்தம் போடாமல் இருக்கச் சொன்னதாகவும் சார்த்தர் சொல்கிறார். ஸிமோன் த போவ்வார் தமது சுயசரிதத்தில் இதை மருந்தின் கணக்கில் எழுதவில்லை. முப்பது வயதை எட்டிய ஒருவனின் மனச்சோர்வின் கணக்கில் எழுதுகிறார். அவர் சொல்வதுதான் எனக்கு நியாயமாகப் படுகிறது. ‘குமட்டல்’ நாவலே மெஸ்கலின் தந்த கொடை என்று ஒரு பேச்சு உண்டு. அதன் முதல் பிரதியை அவர் ஊசிக்கு மூன்று நான்கு வருஷம் முன்பே தொடங்கிவிட்டார். பிசுபிசுப்பும் ஊர்வனவும் அவருக்கு மருந்து வந்து சொல்லித்தர வேண்டிய விஷயங்கள் அல்ல.

ஹக்ஸ்லிக்கு நேர்ந்தது நேர் எதிர். 1953 மே மாதம், லாஸ் ஏஞ்சல்ஸ் வீட்டில், ஹம்ஃப்ரி ஆஸ்மண்ட் என்ற மனநோய் வைத்தியர் அவருக்கு 0.4 கிராம் மெஸ்கலின் கொடுத்தார். ஹக்ஸ்லிக்கு வயது 58. பதினாறாவது வயதில் வந்த கண் நோயிலிருந்து பார்வை சுகமில்லை. மனக்கண்ணில் படம் வராத மனிதர் என்று தம்மைப் பற்றித் தாமே சொல்லிக்கொண்டவர். கண்ணை மூடிக்கொண்டால் அற்புதங்கள் வரும் என்று எதிர்பார்த்தார். பெரிதாக ஒன்றும் வரவில்லை. கண்ணைத் திறந்தபோது ஜாடியிலிருந்த மூன்று பூக்களும், நாற்காலியின் கால்களும், தாம் அணிந்திருந்த கால்சட்டையின் மடிப்புகளும் எல்லையற்ற அர்த்தத்தோடு நின்றன. 1954-ல் வெளிவந்த ‘புலனறிவின் வாசல்கள்’ இந்த ஒரு பகலைப் பற்றியது. தலைப்பு பிளேக்கிடமிருந்து. கொள்கை பெர்க்ஸனிடமிருந்து: மூளை ஒரு குறுக்கும் குழாய், அகண்டமான பிரக்ஞையில் பிழைப்புக்கு வேண்டிய சொட்டை மட்டும் உள்ளே விடுகிறது, மருந்து குழாயைத் தளர்த்துகிறது.

ஸேனர் ஆக்ஸ்ஃபோர்டில் கீழை மதங்களுக்குப் பேராசிரியர், கத்தோலிக்கர், பிற்பாடு கீதையை மொழிபெயர்த்தவர். மாத்திரையால் மோட்சம் கிடைக்கும் என்ற தொனி அவருக்குப் பொறுக்கவில்லை. 1955 டிசம்பரில் தாமும் மெஸ்கலின் எடுத்துக்கொண்டார். அவருக்கு எல்லாம் வேடிக்கையாக இருந்தது. மதச் சித்திரங்களைப் பார்த்துச் சிரித்தார். இரண்டு வருஷம் கழித்து எழுதிய புத்தகத்தில், தமக்குக் கிடைத்தது அற்பமான அனுபவம் என்று முடிவுகட்டினார். ஹக்ஸ்லியை மறுப்பதற்கென்றே போனவர் மறுப்போடு திரும்பி வந்தார் என்பதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

மிஷோவிடம் பிறகு வருகிறேன். இந்த மூவரை மட்டும் அருகருகே வைத்துப் பாருங்கள். மூலக்கூறு ஒன்று. ஒருவருக்கு நண்டு, ஒருவருக்கு அருள், ஒருவருக்குச் சிரிப்பு. கண்டதன் உள்ளடக்கம் கண்டவனிடமிருந்தே வந்திருக்கிறது. அப்படியானால் மருந்து கொடுத்தது என்ன?

இதற்கு விடை தேடியவர்கள் வேறு அறைகளில் இருந்தார்கள். பாஸல் நகரில், சாண்டோஸ் கம்பெனியின் ஆல்பர்ட் ஹாஃப்மன் 1943 ஏப்ரல் 19-ம் தேதி, தாம் ஐந்து வருஷம் முன்பு செய்துவைத்த எல்.எஸ்.டி.யில் 250 மைக்ரோகிராம் எடுத்துக்கொண்டு சைக்கிளில் வீட்டுக்குப் போனார். பால் கொண்டுவந்த பக்கத்து வீட்டு அம்மாள் சூனியக்காரியாகத் தெரிந்தாள். டாக்டர் வந்து பார்த்ததில் கண்மணி விரிந்திருந்ததைத் தவிர உடம்பில் ஒரு கோளாறும் இல்லை. அந்த அளவு கிராமில் நாலாயிரத்தில் ஒரு பங்கு. ஹக்ஸ்லியின் மெஸ்கலினில் ஆயிரத்து அறுநூறில் ஒரு பங்கு. இத்தனை அற்பமான அளவு ஒரு மனிதனின் உலகத்தையே மாற்றுகிறதென்றால் அது தீனியாக வேலை செய்யவில்லை, சாவியாக வேலை செய்கிறது என்றுதான் அர்த்தம். சாவி எந்தப் பூட்டுக்கு?

ஸெரோடோனின் என்ற பொருள் 1948-ல் ரத்தத்திலிருந்து பிரிக்கப்பட்டிருந்தது. 1953-ல் பெட்டி ட்வாரோக் அது மூளையிலும் இருப்பதைக் காட்டினார். அதே சமயத்தில் எடின்பரோவில் கேடம், எலியின் கருப்பைத் தசையில் ஸெரோடோனினின் வேலையை எல்.எஸ்.டி. தடுப்பதைக் கண்டார், தாமும் நான்கு தடவை எல்.எஸ்.டி. எடுத்துப் பார்த்தார். கருப்பைத் தசையிலிருந்து மனுஷ மனத்துக்குத் தாவியவர்கள் நியூயார்க்கின் உல்லியும் ஷாவும், 1954-ல். மனநோய் என்பது ஸெரோடோனின் கோளாறாக இருக்கலாம் என்றார்கள். ஹக்ஸ்லியின் புத்தகம் கடைக்கு வந்த அதே வருஷம். புத்தகத்தை எல்லோரும் படித்தார்கள்.

நரம்பணுக்கள் ஒன்றையொன்று நேராகத் தொடுவதில்லை பெரும்பாலும். இடைவெளியில் ரசாயனத் தூது போகிறது. எதிர்க்கரையில் அதை வாங்கிக்கொள்ள ஏற்பிகள் இருக்கின்றன. எல்.எஸ்.டி., மெஸ்கலின், காளானிலிருந்து வரும் ஸைலோஸிபின் எல்லாம் ஸெரோடோனினின் 2ஏ என்கிற ஏற்பியைத் தட்டிவிடுகின்றன என்பது பின்னால் உறுதியாயிற்று. பார்வைப் பகுதியிலும் அதற்கு மேலுள்ள பகுதிகளிலும் அந்த ஏற்பி நிறைய. பார்ப்பது என்பதே பாதி ஊகம் என்று ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1860-களில் சொல்லிவிட்டார். கண்ணிலிருந்து வருவது துண்டு துணுக்கு. மீதியை மூளை இட்டு நிரப்புகிறது. வருவதற்கும் நிரப்புவதற்கும் இடையே உள்ள தராசை மருந்து சாய்த்துவிடுகிறது. நிரப்புகிறவனிடம் நண்டு இருந்தால் நண்டு.

பித்தும் இதுதானா? ஆஸ்மண்ட் அப்படித்தான் நம்பினார். மெஸ்கலினுக்கும் அட்ரினலினுக்கும் அமைப்பில் ஒற்றுமை இருப்பதைப் பார்த்து, நோயாளியின் உடம்பே மெஸ்கலின் போன்ற ஒன்றைச் சுரக்கிறது என்று 1952-ல் எழுதினார். அப்படி ஒன்றும் அகப்படவில்லை. விடை வேறு திசையிலிருந்து வந்தது, அதில் பாதி நம் நாட்டிலிருந்து. சர்ப்பகந்தி வேர் வடக்கே பைத்தியத்துக்கு நெடுங்கால மருந்து. கல்கத்தாவில் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் 1931-ல் அதைப் பற்றி எழுதினார்கள். வேரின் சத்தான ரெஸர்பினை 1952-ல் பிரித்தெடுத்தது ஸீபா கம்பெனி, மறுபடியும் பாஸல். 1957-ல் ஸ்வீடனில் ஆர்விட் கார்ல்ஸன் ரெஸர்பின் கொடுத்து முயல்களைச் சிலையாக்கி, டோபமைனின் மூலப்பொருளைக் கொடுத்து எழுப்பினார். மூளையில் டோபமைனுக்குத் தனி வேலை உண்டென்று அதில் தெரிந்தது. இதற்கிடையில், 1952-ல், குளோர்ப்ரோமஸீன் என்ற மருந்து மனநோயாளிகளின் பொய்க்குரல்களைத் தணிப்பதை டெலே, டெனிக்கர் இருவரும் கண்டார்கள். எங்கே என்று நினைக்கிறீர்கள்? ஸேந்த்-ஆனில். சார்த்தருக்கு ஊசி போட்ட அதே வளாகத்தில். அந்த வகை மருந்துகள் அடைப்பது டோபமைன் ஏற்பியை என்று 1970-களின் நடுவில் நிச்சயமாயிற்று.

ஆக இரண்டு பூட்டுகள். 1998-ல் ஸூரிக்கில் ஃபோலன்வைடர் இதைத் துலக்கமாகக் காட்டினார். ஸைலோஸிபினின் காட்சிகளை 2ஏ ஏற்பியை அடைக்கும் கெட்டான்ஸெரின் நிறுத்திவிட்டது. டோபமைனை அடைக்கும் ஹாலோபெரிடாலால் நிறுத்த முடியவில்லை. மெஸ்கலின்காரனுக்குப் பெரும்பாலும் உருவங்கள் தெரிகின்றன. நோயாளிக்குப் பெரும்பாலும் குரல்கள் கேட்கின்றன. போதையையும் பித்தையும் ஒரே மூச்சில் சொல்லுகிற நம் வழக்கம் ரசாயனத்துக்கே தெரியாது.

என் சித்தப்பாவுக்குப் பல வருஷம் குரல் கேட்டது. பக்கத்து வீட்டு மாடியில் இரண்டு பேர் அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். அவர் அரிசி மில்லில் கணக்கெழுதியவர், கவிதை படித்தவரில்லை. மாத்திரை ஆரம்பித்து இரண்டு மாதம் கழித்து, “இன்னும் கேக்குதா சித்தப்பா?” என்றேன். “கேக்குதுடா. ஆனா இப்ப என்னைப் பத்தி இல்ல” என்றார். இதை நான் ஒரு நண்பரிடம் சொன்னபோது, கவிஞர் அவர், பெயர் வேண்டாம், மருந்து ஒரு கவியைக் கொன்றுவிட்டது என்றார். அந்த வாக்கியத்துக்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளலாம். இதை நம்பி மாத்திரையை நிறுத்துகிறவன் ஒருவன் நம் வாசகர்களில் இருக்கக்கூடும்.

சித்தப்பா சொன்னதை 2003-ல் ஷிதிஜ் கபூர் என்ற மனநோய் ஆராய்ச்சியாளரின் கட்டுரையில் மறுபடியும் சந்தித்தேன். டோபமைனின் வேலைகளில் ஒன்று, கண்முன் உள்ள ஆயிரத்தில் எது முக்கியம் என்று குறி வைப்பது. கண்டபடி சுரந்தால் கண்டதெல்லாம் முக்கியமாகிறது. தெருவில் நின்ற கார், எதிரே வருகிறவரின் இருமல், எல்லாமே நமக்கென்று ஏதோ சொல்கின்றன. நோயாளி அதற்கு ஒரு கதை கட்டிக்கொள்கிறான். மருந்து கதையை உடனே அழிப்பதில்லை. குறியை மங்க வைக்கிறது. குரல் இருக்கும், ‘என்னைப் பற்றி’ என்பது போய்விடும். ஸெரோடோனின் பக்கத்திலும் இதற்கு ஒரு ஜோடி உண்டு. 2017-ல் ஸூரிக்கில் காட்ரின் ப்ரெல்லர் சிலருக்கு, அவர்களே அர்த்தமற்றது என்று ஒதுக்கிய சங்கீதத்தை எல்.எஸ்.டி. கொடுத்துக் கேட்க வைத்தார். அதே சங்கீதம் அர்த்தம் நிறைந்ததாயிற்று. கெட்டான்ஸெரினையும் முன்கூட்டிக் கொடுத்தபோது அப்படி ஆகவில்லை.

மருந்து கொடுத்தது என்ன என்ற கேள்விக்கு இதுதான் பதில் என்று எனக்குத் தோன்றுகிறது. ‘இது அர்த்தமுள்ளது’ என்ற உணர்வு அர்த்தம் எதுவும் இல்லாமலே வரக்கூடியது. அது தனியாகச் சுரக்கிறது. கால்சட்டை மடிப்பில் ஹக்ஸ்லி கண்டது அந்தச் சுரப்பைத்தான். நான் பாங்கில் கையெழுத்தைச் சரிபார்க்கும்போது, போட்டவர் எத்தனை உறுதியோடு போட்டார் என்று பார்ப்பதில்லை. மாதிரியோடு ஒத்திருக்கிறதா என்று பார்க்கிறேன். கவிதை விஷயத்தில் நாம் உறுதியையே கையெழுத்தாக வாங்கிக்கொள்கிறோம்.

ஹக்ஸ்லியின் தரப்பில் சொல்ல ஒன்று இருக்கிறது. 2012-ல் லண்டனில் ஸைலோஸிபின் கொடுத்து மூளையைப் படம் பிடித்தபோது, சில முக்கிய மையங்களில் ரத்த ஓட்டம் குறைந்திருந்தது. குழாய் தளர்ந்தது நிரூபணமாயிற்று என்று சிலர் கொண்டாடினார்கள். 1997-ல் ஸூரிக்கில் வேறு முறையில் எடுத்த படத்தில் மூளையின் வேலை கூடியிருந்தது என்பதை விட்டுவிடுவோம். குழாய் தளர்கிறது என்றே கொள்வோம். வந்து விழுவது வெளியே இருந்த சமுத்திரம் என்று எப்படித் தெரியும்? க்ளூவரின் தேன்கூடுகள் வெளியிலிருந்து வரவில்லை.

நால்வரில் இதைக் கண்டுகொண்ட ஒரே ஆள் மிஷோ. 1955 ஜனவரியில், ஐம்பத்தைந்து வயதில் தொடங்கினார். கணக்குத் தப்பி ஒரு தடவை ஆறு மடங்கு உட்கொண்டு நரகத்தைப் பார்த்தார். 1956-ல் வந்த முதல் புத்தகத்துக்கு ‘துச்சமான அற்புதம்’ என்று பெயர் வைத்தார். மெஸ்கலினின் காட்சிகள் அவருக்கு மட்டமான கடைப் பகட்டாகத் தோன்றின. அவர் கவனித்தது காட்சிகளை அல்ல, அவற்றின் அடியில் ஓடிய அதிர்வை, வேகத்தை, எண்ணம் வாக்கியமாவதற்கு முன்பே அறுந்துபோவதை. க்ளூவர் பட்டியல் போட்டதை இவர் அனுபவத்தின் உள்ளேயிருந்து வரைந்தார். மருந்தின் நடுவே கிறுக்கிய பக்கங்கள் சிலவற்றைப் புத்தகத்தில் அப்படியே அச்சிட்டிருக்கிறார். எழுத்து பூகம்பக் கருவியின் கோடாக இழுபட்டுக் கிடக்கிறது. படிக்க முடியாது. நாம் படிப்பது அவர் பிற்பாடு, தெளிந்த புத்தியில், திரும்ப எழுதியதை. பக்க ஓரங்களில் முந்தி ஓடும் எண்ணங்களைத் தனிக் குறிப்புகளாக அமைத்ததை. அந்த ஓரக் குறிப்புகளைக் கண்டுபிடித்தது மெஸ்கலின் அல்ல.

இந்த வாதத்துக்கு எதிராக எல்லோரும் காட்டுகிற உதாரணம் ‘குப்ளா கான்’. பி.ஏ. வகுப்பில் அது அபினி கனவு என்றே எழுதி மார்க் வாங்கினோம். 1816-ல் கோல்ரிட்ஜ் எழுதிய முன்னுரை அப்படித்தான் சொல்கிறது: 1797-ல், மருந்து தந்த உறக்கத்தில் இருநூறு முந்நூறு வரி தானாக வந்தது, போர்லாக்கிலிருந்து வந்த மனிதன் கெடுத்துவிட்டான். அபினியின் ஏற்பிகள் வேறு, 1973-ல் அகப்பட்டன. அது வலியை மாற்றி மயக்கம் தருவது, மெஸ்கலின் போலக் காட்சி காட்டுகிற சரக்கல்ல. எலிஸபெத் ஷ்னைடர் 1953-லேயே ஒரு முழுப் புத்தகத்தில் இந்தக் கனவுக் கதையைச் சந்தேகித்துவிட்டார். அதற்கும் முன்பு, 1934-ல், கோல்ரிட்ஜின் கையெழுத்துப் பிரதி ஒன்று வெளிச்சத்துக்கு வந்தது. அபிஸீனியப் பெண் பாடுகிற மலையின் பெயர் அச்சில் அபோரா. கையெழுத்துப் பிரதியில் அமாரா என்று இருக்கிறது, மில்டனிடம் வருகிற மலை. பிறகு எப்போதோ, வேறொரு நாளில், அபோரா.